ஏ.எல். பிள்ளைக்கு உதவும் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஒரு பிள்ளை ஏ.எல். (க.பொ.த. உயர்தரம்) படிக்கத் தொடங்கினால் வீடே சேர்ந்து பரீட்சை எழுதுகிறது. டிவி நிற்கிறது, கலியாண வீட்டுக்குப் போவது நிற்கிறது, அம்மாவின் காப்பு அடகுக்குப் போய் ரியூஷன் காசாகிறது. இவ்வளவும் செய்கிற அதே பெற்றோர், பல்கலைக்கழக விண்ணப்பம் கோரும் நாளில் "கொமினிகேஷன் கடையில குடுத்து நிரப்பிப் போடு மனே" என்று காசைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். புள்ளியை நாம் எடுத்துக் கொடுக்க ஏலாது. அது பிள்ளையின் பாடு. படிவம், முடிவுத் திகதி, பெயரின் எழுத்து, வேலை கொடுக்கும் முதலாளி போன்ற இடங்களில்தான் வயதுக்கு வந்த ஒருவர் பக்கத்தில் நிற்பது உதவும். அங்கேதான் நம்மில் பலரைக் காணக் கிடைப்பதில்லை.

எந்தப் பிரிவு என்ற சண்டையைப் பற்றி நீட்டப்போவதில்லை. பயோவா மெத்ஸா என்று எல்லா வீட்டிலும் கதைத்து முடித்திருப்பீர்கள். ஒன்று மட்டும்: 2013இல் தொடங்கிய தொழில்நுட்பப் பிரிவை இன்னமும் "ஏலாத பிள்ளைகளின் இடம்" என்று பார்க்கிற பெற்றோர் இருக்கிறார்கள். அதற்கும் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பு உண்டு. ஓ.எல். (சாதாரண தரம்) சரிவராத பிள்ளையும் பாடசாலையில் தொடர்ந்து படித்துத் தொழில் தகைமை பெற 2017இல் 13 வருட உத்தரவாதக் கல்வி என்ற திட்டம் வந்தது. உங்கள் வலயத்தில் எந்தப் பாடசாலையில் அது நடக்கிறது என்று விசாரிக்காமல் பிள்ளையைக் கடைக்கு அனுப்பிவிட வேண்டாம்.

இசட் புள்ளியை விளங்காமல் இருப்பது

"மூண்டு பி எடுத்தும் கெம்பஸ் கிடைக்கல்ல, மாமாட மகனுக்கு அதே றிசல்ட்டுக்குக் கிடைச்சிருக்கு" என்ற புலம்பல் ஒவ்வொரு வருடமும் கேட்கிறது. அனுமதியைத் தீர்மானிப்பது ஏ, பி, சி இல்லை. அந்த வருடம் அந்தப் பாடத்தை எழுதியவர்களின் சராசரியோடும், புள்ளிகள் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதோடும் ஒப்பிட்டுக் கணக்கிடும் இசட் புள்ளிதான் அதைத் தீர்மானிக்கிறது. ஒரே பி எடுத்த இருவருக்கு இரண்டு வேறு இசட் புள்ளி வரலாம். ஒரு கற்கைநெறிக்குப் போக ஆகக்குறைந்தது தேவைப்படும் இசட் புள்ளியான வெட்டுப்புள்ளியும் வருடத்துக்கு வருடம் மாறும். போன வருட வெட்டுப்புள்ளியை வைத்து "உனக்குக் கிடைக்காது, போட வேண்டாம்" என்று தீர்ப்புச் சொல்வது பிழை.

இடங்களைப் பங்கிடும் முறையையும் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்பவும் போகிறது. மிச்ச 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று பட்டியலிடப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. கலைப் பிரிவில் நிலைமை வேறு, அங்கே பெரும்பாலும் அகில இலங்கைத் திறமைதான். ஆகவே கலைப் பிரிவுப் பிள்ளையிடம் "நமக்கு மாவட்ட கோட்டா இருக்குதானே" என்று சொல்லி ஆறுதல் தேட வேண்டாம்.

நல்ல ரியூஷன் என்று சொல்லிப் பிள்ளையைக் கொழும்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ பாடசாலை மாற்றுவதும் இதில் வந்து முட்டுகிறது. எந்த மாவட்டத்துப் பிள்ளை என்று பார்க்கும்போது பரீட்சைக்கு முந்திய வருடங்களில் படித்த பாடசாலை எது என்பது கணக்கில் வரும். அடையாள அட்டையில் ஏறாவூர் விலாசம் இருக்கிறது என்பது மட்டும் போதாது. மாற்றுவதற்கு முன்பே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் கைந்நூலில் அந்தப் பகுதியை வாசித்துவிடுங்கள்.

ஏ.எல். பாடங்களோடு சேர்த்து எழுதும் பொதுச் சாதாரணப் பரீட்சையையும் இங்கே சேர்க்க வேண்டும். இசட் புள்ளியில் சேராது என்பதால் அதைப் பிள்ளைகள் தொட்டும் பார்ப்பதில்லை. பல்கலைக்கழகம் போக அதில் ஆகக்குறைந்தது 30 புள்ளி தேவை. மூன்று பாடமும் வடிவாகச் செய்துவிட்டு இதில் தடுக்கி விழுவதை எந்தப் பெற்றோரால் சகிக்க முடியும்? வாரத்தில் ஒரு மணித்தியாலம் பழைய வினாத்தாள் செய்தால் போதுமான பரீட்சை அது.

விண்ணப்பத்தைக் கடைக்காரரிடம் விடுவது

இதுதான் என் பார்வையில் ஆகப் பெரிய தவறு. விண்ணப்பம் இப்போது ஒன்லைனில். கல்முனையிலும் செங்கலடியிலும் கொமினிகேஷன் கடைகள் அந்த நாட்களில் தேர்த்திருவிழா மாதிரி நிரம்பி வழியும். அவசரத்தில் கடைக்காரர் தன்னுடைய மின்னஞ்சலையும் தன்னுடைய போன் நம்பரையும் போட்டு ஒரு கணக்கு திறந்துவிடுவார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, வேலை முடிய வேண்டும், அவ்வளவுதான். பிறகு வரும் ஒவ்வொரு அறிவித்தலும் அவருடைய பெட்டிக்குள் போய் விழுகிறது. பாஸ்வேர்ட் யாருக்கும் ஞாபகம் இல்லை. கடையில் நிரப்புவது பிரச்சினை இல்லை. பிள்ளைக்குச் சொந்தமான மின்னஞ்சலும் மாறாத போன் நம்பரும் முதலே இருக்க வேண்டும், பாஸ்வேர்டை வீட்டில் ஒரு கொப்பியில் எழுதி வைக்க வேண்டும்.

விருப்பத் தெரிவுகளின் வரிசையையும் கடைக்காரரோ ரியூஷன் சேரோ தீர்மானிக்கக் கூடாது. மேலே எழுதிய கற்கைநெறி கிடைக்காவிட்டால் கீழே எழுதியதற்கான வாய்ப்பு குறைந்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. தகுதி உள்ளவற்றில் எது மேலே இருக்கிறதோ அது கிடைக்கும். எனவே உண்மையான விருப்பத்தின்படி எழுதுவதே சரி. எழுதாமல் விட்டதை யாரும் தரமாட்டார்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்; நாலைந்தோடு நிறுத்துவது நட்டம்.

மகளைத் தூர அனுப்பப் பயம் என்றால் அதை விண்ணப்பம் போடும் கடைசி இரவில் சொல்ல வேண்டாம். பெயர் வந்த பிறகு "மாத்தறைக்கா? அனுப்ப ஏலாது" என்று மறிப்பது அதைவிட மோசம். 12ஆம் தரத்திலேயே உட்கார்ந்து கதைக்கலாம். விடுதி இருக்கிறதா, ஊர்ப் பிள்ளைகள் யார் அங்கே படிக்கிறார்கள், மாதச் செலவு எவ்வளவு வரும் என்று கேட்டறியலாம். மறுபக்கம், பக்கத்தில் இருப்பதாலேயே வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தையும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தையும் குறைத்துப் பேசும் பழக்கமும் நம்மிடம் உண்டு. 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் பல்கலைக்கழகமான கிழக்குப் பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் படிப்பிக்கிறார்கள். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் இருக்கிறது, அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில். வீட்டுச் சோறு சாப்பிட்டுக்கொண்டு படிக்கலாம் என்பது குறையா என்ன?

சில கற்கைநெறிகளுக்கு விண்ணப்பம் மட்டும் காணாது, உளச்சார்புப் பரீட்சையும் எழுத வேண்டும். கட்டடக்கலை அப்படி ஒன்று. கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தின் இசை, நடனம் போன்றவையும் அப்படித்தான். இந்தப் பரீட்சைக்கு அந்தந்தப் பல்கலைக்கழகம் தனியாக விண்ணப்பம் கோரும். ஆணைக்குழுவின் விண்ணப்பத்தில் பெயரைப் போட்டுவிட்டு இதைத் தவறவிட்டால் வருடக்கணக்காகச் சங்கீதம் படித்ததும் அந்த வருடத்துக்கு வீண். பாடசாலையில் யாராவது சொல்வார்கள் என்று இருக்க வேண்டாம். பத்திரிகையையும் பல்கலைக்கழக இணையத்தளத்தையும் நீங்களே பாருங்கள்.

வேறு வழிகளைப் பெறுபேறு வந்து அழுது முடிந்த பிறகு தேடுவதும் பிந்திய வேலை. தாழங்குடாவிலும் அட்டாளைச்சேனையிலும் ஆசிரியர்களைப் பயிற்றும் தேசிய கல்வியியற் கல்லூரிகள் உண்டு. வர்த்தமானியில் அறிவித்தல் வரும், அது வெள்ளிக்கிழமைகளில் வெளியாகும். மட்டக்களப்பு, சம்மாந்துறை, அம்பாறை ஹார்டி ஆகிய உயர் தொழில்நுட்பவியல் நிறுவனங்களில் உயர் தேசிய டிப்ளோமா படிக்கலாம். தேசிய தொழிற்தகைமையில் 7ஆம் மட்டம் பட்டத்துக்குச் சமம் என்பது பல பெற்றோருக்குத் தெரியாது. தனியார் நிறுவனம் என்றால், பெயர்ப்பலகையின் பளபளப்பை விட்டுவிட்டு, மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

பெயரில் ஓர் எழுத்து

பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டு, அடையாள அட்டையில் இன்னொன்று, ஓ.எல். சான்றிதழில் மூன்றாவது. ஆங்கிலத்தில் எழுதும்போது முஹம்மது நாலு விதமாக வரும், சிவபாலனும் அப்படித்தான். இதைப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் முன்பே ஒன்றாக்க வேண்டும். பிறகு திருத்த வெளிக்கிட்டால் கிராம சேவகர், பிரதேச செயலகம், சத்தியக் கடதாசி என்று மினக்கெட வேண்டிவரும். மூலச் சான்றிதழ்களை வெள்ளம் ஏறாத இடத்தில், தண்ணீர் புகாத உறையில் வையுங்கள். நம்மூரில் பரீட்சையும் வெள்ளமும் ஒன்றாக வரும். 2024 நவம்பரில் ஏ.எல். பரீட்சையே இடைநடுவில் நிறுத்தப்பட்டது.

வேலைக்கு அனுப்பும்போது

ஏ.எல். முடிந்து பெறுபேறு வர மாதக்கணக்கு. அதற்குப் பிறகு கெம்பஸ் தொடங்க இன்னும் மாதக்கணக்கு. பகுதி நேரமோ முழு நேரமோ, வேலை பழக இதைவிட நல்ல காலம் கிடையாது. இரண்டு விதமான பெற்றோர் இதைக் கெடுக்கிறார்கள். ஒரு சாரார் "ஏ.எல். படிச்ச பிள்ளை புடவைக் கடையில நிண்டா ஊர் என்ன சொல்லும்" என்று வீட்டுக்குள் வைத்திருப்பார்கள். மறு சாரார் படிக்கும் காலத்திலேயே, அறுவடைக்கும் அரிசி ஆலைக்கும் பின்னேரக் கடைக்கும் அனுப்பி, சம்பளத்தை அப்படியே வாங்கிக்கொள்வார்கள். கஷ்டப்பட்ட வீட்டில் அந்தக் காசு தேவைதான், அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் பரீட்சை வருடத்தில் வேலையைப் பாடசாலை விடுமுறைக்குள் அடக்கப் பாருங்கள். சம்பளத்தில் ஒரு பங்கையாவது பிள்ளையின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் போடுங்கள். கெம்பஸ் பிள்ளைகளுக்கான மகாபொல புலமைப்பரிசில் கிடைத்தால் எப்படியும் கணக்கு வேண்டும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக்குறைந்த வயது 2021இல் 14இலிருந்து 16 ஆனது. 16க்கும் 18க்கும் இடைப்பட்டவர்களை ஆபத்தான வேலைகளில் அமர்த்த முடியாது, இரவு வேலைக்கும் கட்டுப்பாடு உண்டு. பாசிக்குடாவிலோ அறுகம்பையிலோ ஹோட்டல் வேலை என்றால் எத்தனை மணிக்கு முடியும், எப்படி வீடு வருவது, தங்குவதென்றால் எங்கே என்று நேரில் போய்ப் பாருங்கள். மகன் என்றாலும் போய்ப் பாருங்கள்.

சம்பளம் பேசக் கூச்சப்படுவது இன்னொரு தவறு. "தெரிஞ்ச முதலாளி, பார்த்துத் தருவார்" என்று விட்டால் மூன்று மாதம் "பழகுற காலம்" என்ற பெயரில் பஸ் காசோடு முடிந்துவிடும். தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலிலிருந்து 27,000 ரூபாய், 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாய். தற்காலிக வேலையாளுக்கும் ஊழியர் சேமலாப நிதி உண்டு: சம்பளத்தில் பிள்ளையின் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு முதலாளி மேலும் 3 வீதம். "அதெல்லாம் வேண்டாம், காசைக் கையில தாங்க" என்று சொல்லும் பெற்றோர் முதலாளிக்குத்தான் உதவுகிறார்கள்.

அடையாள அட்டையையோ மூலச் சான்றிதழையோ பிணையாக வைக்கச் சொன்னால் கொடுக்க வேண்டாம். பிரதி கொடுங்கள். கெம்பஸ் பதிவு நாளில் மூலப்பிரதி முதலாளியின் அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்து பட்டபாடு சில வீடுகளுக்குத் தெரியும்.

காசு கட்டிச் சேரும் வேலை எதுவும் வேலை இல்லை. ஏ.எல். முடித்த பிள்ளைகளைத்தான் பிரமிட்காரர்கள் தேடி வருகிறார்கள், அதுவும் கூடப்படித்த சிநேகிதன் வழியாக. கோட் சூட், ஹோட்டல் மண்டபத்தில் கூட்டம், "இன்னும் ரெண்டு பேரைச் சேர்த்தால் போதும்". வங்கிச் சட்டத்தின்படி பிரமிட் திட்டம் நடத்துவது குற்றம், தடைசெய்யப்பட்டவற்றின் பெயர்களை மத்திய வங்கி வெளியிடுகிறது. டெலிகிராமில் வரும் "வீடியோவுக்கு லைக் போட்டால் சம்பளம்" அதன் தம்பி. முதலில் சின்னத் தொகை உண்மையாகவே வரும், பிறகு பெரிய தொகை கட்டச் சொல்வார்கள். பிள்ளையின் வங்கிக் கணக்கை வேறொருவர் காசு வாங்கக் கொடுப்பதும் கூடாது. மோசடிப் பணம் அந்தக் கணக்கால் போனால் பொலிஸ் முதலில் வருவது உங்கள் வீட்டுக்குத்தான். இவற்றில் மாட்டிய பிள்ளை பெரும்பாலும் வீட்டில் சொல்லாது, ஏச்சுக்குப் பயந்து இன்னும் கடன் வாங்கிக் கட்டும். ஆகவே ஏசுவதைக் கொஞ்சம் பிந்திப் போட்டுவிட்டு, முதலில் வங்கிக்கும் பொலிசுக்கும் கூட்டிப் போங்கள்.

அப்புறம், வேலைக்குப் போன பிள்ளை ஹோட்டல் குவாட்டசில் தங்கியிருக்கும்போதுதான் கெம்பஸ் தெரிவு வெளியாகும். பதிவுக்குக் கொடுக்கும் காலம் குறுகியது. அந்த மாதங்களில் வாரத்துக்கு இரண்டு தடவை பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தையும் பிள்ளையின் மின்னஞ்சலையும் பார்க்கும் பொறுப்பை வீட்டில் ஒருவர் எடுத்துக்கொள்ளுங்கள், தம்பியோ தங்கையோ ஆனாலும் சரி. மகாபொலவுக்குக் குடும்ப வருமானத்தைக் காட்ட வேண்டும், அதனால் கிராம சேவகரிடம் எடுக்க வேண்டிய கடிதங்களையும் அதற்குள் கேட்டு வைத்துவிடலாம்.