டிக்… டிக்… டமார்: ஷவர் கண்ணாடிக் கதவை நாமே சரிசெய்வதும் மாற்றுவதும்

எங்கள் ஷவர் கதவு ஆறு மாதமாக, மூடும்போதெல்லாம் ‘டிக்’ என்று ஒரு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. கீழ் மூலை டைல்ஸில் இடிக்கும் சத்தம். வருகிற ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். ஒரு விடியற்காலையில், குளியலறையில் யாருமே இல்லாத நேரத்தில், டமார். ஓடிப்போய்ப் பார்த்தால் கதவு இருந்த இடத்தில் இரண்டு கீல்கள் மட்டும் காற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. தரை முழுக்கக் கற்கண்டு கொட்டியதுபோலத் துணுக்குகள். சில நிமிடங்களுக்கு அவை தாமாகவே படபடவென்று வெடித்துக்கொண்டும் இருந்தன.

அன்றே கீலைச் சரிசெய்திருந்தால் அரை மணி நேர வேலை. அதனால் முதலில் சரிசெய்வது, பிறகு மாற்றுவது என்ற வரிசையில் எழுதுகிறேன். என்னுடையது சட்டம் இல்லாத, சுவரிலேயே கீல் வைத்த ஒற்றைக் கதவு. தள்ளுகதவு வைத்திருப்பவர்களுக்கும் நடுவில் ஒரு பத்தி உண்டு.

கைவைக்கும் முன்

ஷவர் கதவில் இருப்பது டெம்பர்டு கண்ணாடி. சாதாரணக் கண்ணாடியை 620 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூடாக்கி, சட்டென்று காற்றடித்துக் குளிரவைத்துச் செய்வது. வெளிப்பரப்பு இறுகி அமுங்கியிருக்கும், உள்பகுதி இழுபட்டு நிற்கும். இதனால்தான் நடுவில் முழங்கை இடித்தாலும் தாங்குகிற கதவு, விளிம்பில் ஒரு தட்டுக்கு மொத்தமாகச் சிதறுகிறது. மூலைதான் எல்லாவற்றிலும் மோசம்.

இதிலிருந்து இரண்டு விஷயம். ஒன்று, விளிம்பில் சிறு சில்லு பெயர்ந்திருந்தால்கூட அதற்கு ஒட்டு வேலை கிடையாது, கண்ணாடியையே மாற்ற வேண்டும். இரண்டு, டெம்பர் செய்த பிறகு வெட்ட முடியாது, துளை போட முடியாது, அரை மில்லிமீட்டர் தேய்க்கவும் முடியாது. இந்த இரண்டாவதை நான் எவ்வளவு செலவழித்துக் கற்றேன் என்பது கீழே வரும்.

உங்கள் கதவு டெம்பர்டுதானா என்று தெரிய, மூலையில் சிறிதாக முத்திரை இருக்கிறதா பாருங்கள். ஈ.என். 12150 (ஐரோப்பியத் தரம்), ஐ.எஸ். 2553 (இந்தியத் தரம்) போன்ற எண்கள் இருக்கும். முத்திரை தெரியவில்லை என்றால் போலராய்டு கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, வெளிச்சம் சாய்வாக விழும்போது பாருங்கள். சிறுத்தைப் புள்ளிபோல மங்கலான திட்டுகள் தெரிந்தால் டெம்பர்டு.

என்னென்ன வேண்டும்

ஆலன் கீ (‘L’ வடிவ அறுகோணச் சாவி) செட், ரசமட்டம், மில்லிமீட்டர் போட்ட இரும்பு டேப், மெல்லிய மர ஆப்புகள், தடிமனான அட்டை, சிலிகானும் அதன் துப்பாக்கியும், பாதுகாப்புக் கண்ணாடி, ரப்பர் பூசிய கையுறை, மூடிய ஷூ. கூட ஒரு ஆள். இது கட்டாயம்.

எடையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, தடிமனில் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 2.5 கிலோ. 700-க்கு 1900 மி.மீ. அளவில், 8 மி.மீ. தடிமனில் ஒரு கதவு என்றால் 26 கிலோவைத் தாண்டும். 10 மி.மீ. என்றால் 33 கிலோ. தூக்கிவிடலாம்தான், ஆனால் ஒரே ஆள் தூக்கிப் பிடித்துக்கொண்டே திருகாணியும் போட முடியாது.

கண்ணாடியைப் பிடிக்கும் திருகாணிகளுக்கு பேட்டரி டிரைவரைத் தொடவே தொடாதீர்கள். கையால் முடுக்கும் ஆலன் கீ மட்டும். அதிலும் நீளக் காலைத் திருகாணிக்குள் விட்டு, குட்டைக் காலைப் பிடித்துத் திருப்புங்கள். அப்போது அளவுக்கு மீறி இறுக்க உங்களுக்கே பலம் இருக்காது. கண்ணாடி தூக்கும் சக்ஷன் கப்புகளும் எனக்குப் பிடிக்காது. பரப்பில் லேசாகச் சோப்புப் படலம் இருந்தால் போதும், நடுவழியில் கழன்றுவிடும். சொரசொரப்பான டிசைன் கண்ணாடியில் ஒட்டவே ஒட்டாது.

படி 1: தொங்கிப்போன கதவைத் தூக்குவது

கீல் கண்ணாடியைக் கவ்வும் இடத்தில் இரண்டு பக்கமும் மெல்லிய கேஸ்கெட், அதாவது மெத்தைபோன்ற தகடு இருக்கும். அது நைந்துபோனால் கண்ணாடி வழுக்கி இறங்கும், கைப்பிடிப் பக்கத்துக் கீழ் மூலை தரையைத் தொடும். ‘டிக்’ இங்கிருந்துதான் வருகிறது.

கதவை மூடி, கைப்பிடிப் பக்க மூலைக்கு அடியில் மர ஆப்பைச் செருகி மெதுவாக உயர்த்துங்கள். கீழ் இடைவெளி ஒரே சீராக வந்ததும், கூட இருப்பவர் கதவைப் பிடித்துக்கொள்ளட்டும். மேல் கீலின் திருகாணிகளை அரைச் சுற்று மட்டும் தளர்த்துங்கள். கண்ணாடி இடத்தில் உட்கார்ந்ததும் இறுக்கிவிட்டு, அதன்பிறகு கீழ்க் கீலுக்கு வாருங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் தளர்த்தக் கூடாது. கேஸ்கெட் கிழிந்திருந்தால் கதவைக் கழற்றித்தான் ஆக வேண்டும். உலோகம் நேராகக் கண்ணாடியைத் தொடும்படி எந்த இடத்திலும் விடாதீர்கள்.

படி 2: தண்ணீர் ஒழுகினால்

கீழே மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் பட்டையை உருவி எடுத்து, புதிதை அழுத்தி ஏற்றினால் முடிந்தது. வாங்கும்போது கண்ணாடித் தடிமனைச் சொல்லி வாங்குங்கள். 8 மி.மீ. பட்டை 10 மி.மீ. கண்ணாடியில் ஏறாது, 6 மி.மீ. கண்ணாடியில் நிற்காது. பட்டையில் சாய்வாக நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கு ஷவர் பக்கம் பார்க்க வேண்டும். முதல் தடவை நான் வெளிப்பக்கமாக மாட்டி, சொட்டுகிற தண்ணீரை எல்லாம் அழகாக மிதியடிக்கு அனுப்பி வைத்தேன்.

தள்ளுகதவுக்காரர்களுக்கு

கதவு கரகரவென்று ஓடினால் முதலில் டிராக்கில் சேர்ந்திருக்கும் முடியையும் சோப்புக் கசடையும் பழைய பல் துலக்கியால் எடுங்கள். பாதி ரோலர்கள் அதிலேயே பிழைத்துவிடும். மாற்றத்தான் வேண்டும் என்றால் பழைய சக்கரத்தைக் கையோடு எடுத்துப் போங்கள். விட்டம் மட்டும் ஒத்துப்போனால் போதாது. ஓரம் தட்டையா வளைவா, நடுத்துளை எவ்வளவு என்பதும் ஒத்துப்போக வேண்டும். சேர்ந்தாற்போல் எல்லா ரோலரையும் மாற்றிவிடுங்கள். பழையதும் புதியதும் கலந்தால் கதவு கோணலாக ஓடும்.

படி 3: புதுக் கண்ணாடிக்கு அளவெடுப்பது

நான் சறுக்கி விழுந்தது இங்கேதான். நின்று நிதானமாகப் படியுங்கள்.

பழைய கதவு உடைந்துவிட்டதால் பார்த்து அளக்கக் கதவே இல்லை. இரண்டு சுவர்களுக்கு இடையே நெஞ்சு உயரத்தில் டேப்பைப் பிடித்தேன். சரியாக 700. கீல் பக்கம் 3, மூடும் பக்கம் 3 கழித்து 694 மி.மீ. அகலம் என்று ஆர்டர் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்துக் கண்ணாடி வந்தது. மாட்டினோம். மேலே அருமை, நடுவில் அருமை, கீழே மூடவே மாட்டேன் என்கிறது. அளந்து பார்த்தால் தரையோரத்தில் இடைவெளி 695தான். டைல்ஸ் ஒட்டியவர் கீழே கொஞ்சம் சாந்தைக் கூடுதலாகப் போட்டிருக்கிறார். 1 மி.மீ.யில் எந்தக் கதவும் மூடாது. கண்ணாடிக் கடையில் 3 மி.மீ. தேய்த்துத் தரச் சொன்னேன். சிரித்துவிட்டுக் கையை விரித்தார்கள். சரி, வெட்டி அலமாரித் தட்டாகவாவது மாற்றலாம் என்றால் அதுவும் முடியாது. கட்டிலுக்குப் பின்னால் போர்வை சுற்றி நிற்கிறது, அங்கேயே நிற்கட்டும்.

அளவெடுக்கும் முறை இதுதான். அகலத்தை மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் எடுங்கள். இருப்பதிலேயே சிறியதுதான் உங்கள் அளவு. என் வீட்டில் 702, 700, 695. ஆக 695-இல் இருந்துதான் கழித்திருக்க வேண்டும். மேலே கூடுதலாகத் தெரியும் இடைவெளியை மூடும் பக்கத்து ரப்பர் பட்டை மறைத்துவிடும். வித்தியாசம் 6, 7 மி.மீ. தாண்டினால், கண்ணாடியையே ஒரு பக்கம் சாய்வாக வெட்டி டெம்பர் செய்து தரச் சொல்லுங்கள். செய்வார்கள், அதற்கு நான்கு பக்க அளவோடு மூலைவிட்டம் இரண்டையும் கொடுக்க வேண்டும்.

அகலத்தோடு வேலை முடியவில்லை. கீல் வைக்கும் சுவர் தூக்கில், அதாவது செங்குத்தாக, இருக்கிறதா என்று தூக்குக்குண்டு போட்டுப் பாருங்கள். 1900 மி.மீ. உயரத்தில் சுவர் 6 மி.மீ. சாய்ந்திருந்தால், 700 மி.மீ. அகலக் கதவின் எதிர்முனை 2 மி.மீ.க்கு மேல் இறங்கும் அல்லது ஏறும். கேட்கச் சின்னதுதான், ஆனால் கீழே விட்ட இடைவெளியை அது தின்றுவிடும். அதோடு கதவு தானாகத் திறந்துகொள்ளும், இல்லாவிட்டால் தானாக வந்து இடிக்கும். சாய்வு இருந்தால் உள்ளே தள்ளி இருக்கும் கீலுக்குப் பின்னால் மெல்லிய பிளாஸ்டிக் துண்டு கொடுத்து நேராக்க வேண்டும். அந்தத் துண்டின் தடிமனையும் அகலத்தில் கழிக்க மறக்காதீர்கள்.

கீலுக்கும் கைப்பிடிக்கும் வேண்டிய துளைகளைக் கண்ணாடியில் முன்கூட்டியே போட்டுத்தான் டெம்பர் செய்வார்கள். எண்களைச் சொல்லி மட்டும் விட்டுவிடாமல், பெரிய அட்டையில் கதவை முழு அளவில் வெட்டி, துளைகளைப் போட்டு, சுவரில் வைத்துச் சரிபார்த்துவிட்டு, அந்த அட்டையையே கொடுத்தனுப்புங்கள். எந்தப் பக்கம் வெளிப்புறம் என்று அதில் எழுதிவிடுங்கள். இரண்டாவது தடவை நான் அப்படித்தான் செய்தேன்.

படி 4: மாட்டுவது

கண்ணாடி வந்ததும் வெறும் டைல்ஸ் மேல் நிறுத்தாதீர்கள். அட்டை, மரக்கட்டை, பழைய மிதியடி எதையாவது விரித்து அதன்மேல் மட்டும். புதுக் கண்ணாடி உடைவது பெரும்பாலும் இந்த ஐந்து நிமிடத்தில்தான்.

பழைய கீல் துளைகள் சரியாக இருந்தால் அவற்றையே பயன்படுத்துங்கள். புதிதாகப் போடுவதென்றால் பின்னால் குழாய் ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டு, டைல்ஸ் மேல் டேப் ஒட்டி, டைமண்ட் பிட்டை மெதுவாக ஓட்டி, நடுநடுவே தண்ணீர் தொட்டுப் போடுங்கள். டைல்ஸைத் தாண்டும்வரை ட்ரில்லின் ஹேமர் பட்டனை அணைத்து வையுங்கள். திருகாணி பிடிக்கும் பிளாஸ்டிக் பிளக்கை அடிக்கும் முன் துளைக்குள் கொஞ்சம் சிலிகான் பிதுக்கிவிட்டால் சுவருக்குள் தண்ணீர் இறங்காது.

கீல்களைச் சுவரில் மாட்டி, அடியில் ஆப்பு வைத்து, அதன்மேல் கண்ணாடியை நிறுத்தி, ஒருவர் பிடிக்க மற்றவர் கவ்விகளை மூடலாம். எல்லாத் திருகாணியையும் முதலில் கையால் மட்டும் ஏற்றி, ரசமட்டம் பார்த்து, பிறகு மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

படி 5: சிலிகான்

பூஞ்சை தடுக்கும் குளியலறைச் சிலிகான்தான் வாங்க வேண்டும். வினிகர் வாசம் அடிக்கிற வகை மார்பிளை அரித்துவிடும், அங்கே நியூட்ரல் வகை போடுங்கள். பழைய சிலிகான் மேல் புதியது ஒட்டாது, முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும். இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, நடுவில் சிலிகானை இழுத்து, விரலால் ஒரே வீச்சில் தடவி, ஈரம் காயும் முன் டேப்பை உரியுங்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படக் கூடாது.

படித்தவர்கள் கேட்டதால் சேர்த்தது

சட்டம் போட்ட கதவுக்கு உள்ளேயும் வெளியேயும் சிலிகான் போட்டதாகவும், இப்போது சட்டத்துக்குள் தண்ணீர் தேங்கி நாறுவதாகவும் ஒருவர் எழுதியிருந்தார். சட்டக் கதவுகளில் பெரும்பாலும் வெளிப்பக்கம் மட்டும்தான் போட வேண்டும். உள்ளே புகும் தண்ணீர் ஷவர் பக்கமே வடிய வழி வேண்டும். உள்பக்கத்துச் சிலிகானைச் சுரண்டி எடுத்தார், சரியாகிவிட்டது.

வெள்ளைக் கறைக்கு மருந்து கேட்டவர்களுக்கு: அது உப்புத் தண்ணீரின் சுண்ணாம்பு. வினிகரைத் துணியில் நனைத்துக் கண்ணாடியில் ஒட்டிவைத்து, கால் மணி கழித்துத் துடைத்துக் கழுவுங்கள். பக்கத்தில் மார்பிள் இருந்தால் வேண்டாம்.

இன்னொன்று, நானே பிறகு கண்டது. புதுக் கேஸ்கெட் முதல் சில நாளில் கொஞ்சம் அமுங்கும். மாட்டிய ஒரு வாரம் கழித்து ஆலன் கீயை எடுத்து எல்லாத் திருகாணியையும் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். என் கதவில் மேல் கீலில் இரண்டு, கால் சுற்று வாங்கின.