படலையிலிருந்து மேசை வரை: அணுகுவசதியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூன்று படிகளுக்குப் பதிலாக எத்தனை அடி நீளத்தில் சாய்தளம் அமைக்க வேண்டும் என்று திருகோணமலையில் ஒரு மேசனிடம் கேட்டால், பெரும்பாலும் ஐந்து அல்லது ஆறு அடி என்றே விடை வரும். படி ஒன்று ஆறு அங்குலம் என்றால் மூன்று படிகளின் உயரம் 18 அங்குலம். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்னும் பரவலான அளவின்படி அங்கே 18 அடி தேவை. ஆறடிக்குள் அதை அடக்கினால், சக்கர நாற்காலியில் வருபவரைப் பின்னால் இருவர் தள்ள வேண்டியிருக்கும். தனியாக இறங்க முயல்பவர் உருண்டு வீதிக்கே போய்விடுவார்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் இலங்கையில் 1996இலேயே வந்துவிட்டது; பொதுக் கட்டடங்களுக்கான அணுகுவசதி ஒழுங்குவிதிகள் 2006இல் வெளியாயின. ஆகவே சாய்தளம் ஒன்று இருக்க வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் அது ஒரு பாதையின் முதல் துண்டு மட்டுமே என்பதை மறந்துவிடுவதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தாய்.

முழங்கால் வலியுள்ள என் அம்மாவை நகரிலுள்ள ஓர் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றிருந்தேன். சாய்தளத்தின் அடியில் மோட்டார் சைக்கிள்கள் நின்றன. அதைக் கடந்து ஏறினால், பளபளக்கும் தரை ஓடுகள். வடகீழ்ப் பருவமழையில் நனைந்தால் இளவட்டமே வழுக்கி விழும். உச்சியில் நின்று கதவைத் திறக்கச் சமதளமும் இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கென ஒதுக்கிய மலசலகூடம் பூட்டிக் கிடந்தது. உள்ளே தும்புத்தடிகளும் பெயின்ற் வாளிகளும் இருந்ததாகப் பிறகு அறிந்தோம். ஒவ்வொன்றாகப் பார்த்தால் எல்லாம் சிறு குறைதான், ஆனால் அம்மா வந்த காரியத்தை நான்தான் முடித்துக் கொடுத்தேன்.

மலசலகூடக் கதவு உட்புறமாகத் திறப்பதும் தவறு. உள்ளே ஒருவர் விழுந்தால் அவருடைய உடலே கதவை அடைத்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாத தவறுகள் இணையத்தில் இன்னும் அதிகம். நம் பக்கத்து அறிவித்தல்கள் பல இன்றும் பாமினி என்னும் பழைய எழுத்துருவிலேயே தட்டச்சாகின்றன. அதில் 'அம்மா' என்று திரையில் தெரிவது, கணினிக்குள் சில ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே இருக்கிறது. திரையிலுள்ளதைக் குரலாக்கிச் சொல்லும் பார்வையற்றவரின் திரைவாசிப்பான் அந்த உளறலைத்தான் வாசிக்கும். கடிதத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அந்த உளறல்கூடக் கேட்காது. தமிழ் எழுத்தைக் கணினி தமிழாகவே அறியும் யூனிகோட் முறையில் தட்டச்சு செய்வதும், படத்தோடு அதன் செய்தியை எழுத்தாகவும் இடுவதும் செலவில்லாத திருத்தங்கள். கைத்தொலைபேசியில் தேடி எடுக்க முடிவதால் கண் தெரிபவருக்கும் அதில் ஆதாயம் உண்டு. வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து அழகாகத் தோன்றலாம். ஆனால் இணைய அணுகுவசதி வழிகாட்டுதல்கள் சாதாரண எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளிர்வு விகிதத்தைக் கேட்கின்றன. நண்பகல் வெயிலில் உட்துறைமுக வீதியில் நின்று தொலைபேசியைப் பார்ப்பவருக்கு அந்த அளவின் நியாயம் உடனே விளங்கும்.

வரிசை எண்ணைக் குரலால் மட்டும் அழைப்பது காது கேளாதவரை நாள் முழுக்கக் காத்திருக்க வைக்கும். திரையில் மட்டும் காட்டுவது பார்வையற்றவரை அப்படியே இருத்திவிடும். இரண்டும் வேண்டும், மூன்று மொழிகளிலும் வேண்டும். தமிழ் வரியை மட்டும் நுணுக்கிச் சிறிதாக்கும் பழக்கத்தையும் இங்கே சேர்த்தே சொல்ல வேண்டும்.

பயன்படுத்துபவர்களைத் திறப்பு விழாவுக்கு மட்டும் அழைப்பது மிகவும் செலவு வைக்கும் தவறு. வரைபடம் மேசையில் இருக்கும்போதே சக்கர நாற்காலியில் வருபவர் ஒருவரையும் பார்வையற்ற ஒருவரையும் காணிக்கு அழைத்து, படலையிலிருந்து மேசை வரை நடைபாதையைச் சுண்ணாம்பால் கீறிக் காட்டிக் கேட்கலாம். மதில் எழும்பிய பிறகு அந்த 18 அடியை எங்கிருந்தும் எடுக்க முடியாது.