மனநல மாத்திரை எடுப்பவர்கள் உடம்பு விஷயத்தில் செய்யும் தவறுகள்

ஸ்கிசோஃப்ரினியா, பைபோலார் போன்ற தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்பே இறந்துவிடுகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தற்கொலைதான் காரணமாக இருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். அதுவும் உண்டுதான். ஆனால் பெரும் பங்கு இதய நோய், சர்க்கரை, நுரையீரல் நோய் போன்றவற்றுக்கு. இவற்றில் பலவும் தடுக்கக்கூடியவை.

தவறு பெரும்பாலும் வீட்டில்தான் ஆரம்பிக்கிறது. "இப்பல்லாம் சத்தம் போடறதில்ல, ராத்திரி தூங்குறான், அது போதும்" என்ற நிம்மதியில், சட்டை பட்டன் போட முடியாமல் போனது யார் கண்ணிலும் படுவதில்லை. பட்டாலும், "உட்கார்ந்து உட்கார்ந்து தின்னா வேற என்ன ஆகும்" என்ற ஏச்சோடு முடிந்துவிடும். மனநோய்க்குத் தரப்படும் ஓலான்சபின், குளோசபின் இரண்டும் எடையை ஏற்றுவதில் முன்னால் நிற்கும் மருந்துகள். சாப்பிட்டு எழுந்த கொஞ்ச நேரத்திலேயே மறுபடி பசிக்க வைப்பவை. அந்தப் பசிக்கு ஆளைத் திட்டிப் பயனில்லை. எடை முதல் சில வாரங்களிலேயே ஏற ஆரம்பிப்பதால், மருந்து தொடங்கும் நாளிலேயே எடை, இடுப்புச் சுற்றளவு, பிபி, வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு எல்லாவற்றையும் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். 3 மாதத்தில் ஒருமுறை, அப்புறம் வருடத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். நம் ஊர்க்காரர்களுக்கு இடுப்பளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினாலே எச்சரிக்கைதான்.

குண்டாகிறோம் என்று மாத்திரையைத் தானாகவே நிறுத்துவது இதைவிட மோசம். நோய் திரும்பினால் உடம்பைப் பார்த்துக்கொள்ளும் தெம்பும் சேர்ந்தே போய்விடும். எடையை அவ்வளவாக ஏற்றாத அரிப்பிப்ரசோல் போன்ற மருந்துக்கு மாற்ற முடியுமா, சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மினைச் சேர்க்கலாமா என்று மனநல மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காதவரை பல இடங்களில் அந்தப் பேச்சே வருவதில்லை.

சிகரெட் விஷயத்தில் பலருக்கும் தெரியாத சிக்கல் ஒன்று உண்டு. புகையில் இருக்கும் சில பொருட்கள் கல்லீரலை முடுக்கிவிட்டு, குளோசபினையும் ஓலான்சபினையும் வேகமாகக் கரைத்து வெளியேற்றிவிடும். அதனால் புகைப்பவருக்குக் கூடுதல் அளவில் மருந்து கொடுத்திருப்பார்கள். அவர் திடீரென்று நிறுத்தினால் அதே மாத்திரை ரத்தத்தில் கூடிவிடும்: ஓயாத தூக்கம், எச்சில் வடிதல், தலைசுற்றல், சிலருக்கு வலிப்புகூட வரலாம். வேறு நோய்க்காக ஆஸ்பத்திரியில் படுத்து, புகைக்க முடியாமல் போனாலும் இதே கதைதான். நிகோடின் சூயிங்கம்முக்கு மாறினாலும் அப்படியே, ஏனென்றால் வேலையைச் செய்வது புகை, நிகோடின் இல்லை. சரி, அதற்காகப் புகைத்துக்கொண்டே இருக்கலாமா? கூடாது. நிறுத்தும் தேதியை மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். மாத்திரை போட்டால் ஒரு பீடி என்று வீட்டிலேயே பேரம் பேசுவதையும் விட்டுவிடலாம்.

பைபோலாருக்குத் தரும் லித்தியம் மாத்திரை எடுப்பவர்களுக்குச் சித்திரை வெயில் தனிக் கவலை. வியர்த்தோ, வாந்தி பேதியாலோ உடம்பில் நீர் வற்றினால் லித்தியம் ரத்தத்தில் ஏறும். பிபிக்காக உப்பைத் திடீரென்று குறைத்தாலும், மூட்டுவலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக், இப்யூபுரூஃபன் வாங்கிப் போட்டாலும் ஏறும். சில பிபி மாத்திரைகளும் ஏற்றும். கை பலமாக நடுங்கி, நடை தள்ளாடி, பேச்சு குழறினால் குடித்திருக்கிறார் என்றோ பழைய நோய் வந்துவிட்டது என்றோ நினைத்து நேரத்தை வீணாக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். வலிக்கு என்ன மாத்திரை எடுக்கலாம் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. தைராய்டு, சிறுநீரகப் பரிசோதனையும் 6 மாதத்துக்கு ஒருமுறை தேவை.

குளோசபினில் மலச்சிக்கலைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. குடலே அடைத்து உயிருக்கு ஆபத்தாகலாம். வாய் வறள்கிறது என்று நாள் முழுக்கக் கூல்டிரிங்க்ஸ் குடித்தால் பல்லும் போகும், சர்க்கரையும் ஏறும். தண்ணீர் போதும்.

"காலைல 5 மணிக்கு எழுந்து நட" என்ற அறிவுரையும் தவறுதான். இரவு மாத்திரையின் மயக்கம் தெளியாதவரை அந்த நேரத்தில் எழுப்புவது வீண் சண்டை. சாயங்காலம் கடைக்கு நடந்து போகும்போது கூட வரச் சொல்லுங்கள். தனியாக ஒருவரை நடக்க அனுப்புவதைவிடச் சேர்ந்து நடப்பது நீடிக்கும்.

கடைசியாக, மறைப்பது. நெஞ்சு வலிக்குப் பொது மருத்துவரிடம் போகும்போது, மனநல மருந்துச் சீட்டை வெட்கப்பட்டுப் பையிலேயே வைத்துவிடுகிறார்கள். அவரோ தெரியாமல் ஒத்துப்போகாத மருந்தை எழுதிவிடக்கூடும். சீட்டைக் காட்டினால், "எல்லாம் மனசுதான்" என்று திருப்பி அனுப்பும் மருத்துவர்களும் உண்டு, அந்தப் பயம் பொய்யில்லை. அதற்கு வழி மறைப்பது அல்ல. கூடப் போகிறவர், "மனநோய் இருக்கு, இந்த மாத்திரை எடுக்கிறார், இந்த வலி புதுசு, இசிஜி எடுத்துப் பாருங்க" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அம்மாவுக்கு பிபி பார்க்க ஆள் வந்தால், உள் அறையில் இருக்கும் மகனையும் கூப்பிட்டு, அவருக்கும் ஒருமுறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.