ஜி.சி. கருவியில் புதிய கேபிலரி குழாய் பொருத்தும் முறை

வாயு குரோமட்டோகிராஃபி (ஜி.சி.) என்பது கலவையை ஆவியாக்கி, மெல்லிய குழாய் வழியே வாயுவால் தள்ளிப் பொருள்களைப் பிரித்தறியும் முறை. அதில் பீக் (வரைபடத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் எழும் கூர்முனை) வால் விட்டு, அதாவது பின்பக்கம் இழுத்துக்கொண்டு வந்தால் பலர் உடனே வெப்பநிலையை மாற்றிப் பார்க்கிறார்கள். குழாயின் வெட்டுமுனையை முதலில் பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான்.

இங்கே நாம் பொருத்தப்போவது 30 மீ நீளம், 0.25 மி.மீ உள்விட்டம் கொண்ட குழாய். மாதிரியைச் சுமந்து செல்லும் கேரியர் வாயு ஹீலியம், டிடெக்டர் எஃப்.ஐ.டி. (பொருளைச் சுடரில் எரித்துக் கண்டறியும் வகை).

1. ஓவன், இன்லெட் (மாதிரி நுழையும் வாய்), டிடெக்டர் மூன்றும் கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறட்டும். செப்டத்தையும் (ஊசி துளைக்கும் ரப்பர் மூடி) லைனரையும் (இன்லெட்டுக்குள் இருக்கும் கண்ணாடிக் குழல்) புதிதாக மாற்றுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்; நறுக்கும் துண்டு தெறிக்கும்.

2. முதலில் நட்டையும் ஃபெரூலையும் (கசிவைத் தடுக்கும் சிறு கூம்பு வளையம்) கோர்த்துவிட்டு, அதன் பிறகு முனையை 2 செ.மீ நறுக்குங்கள். முறை மாறினால் ஃபெரூல் துகள் குழாய்க்குள் புகுந்துவிடும். செராமிக் தகட்டால் ஒரே ஒரு கீறல் போடுங்கள், அறுக்க வேண்டாம். கீறிய இடத்தில் லேசாக வளைத்தால் தானே ஒடியும். உருப்பெருக்கியில் பாருங்கள்: முனை செங்குத்தாக, சில்லு இல்லாமல் இருக்க வேண்டும். பிசிறு தெரிந்தால் தயங்காமல் மறுபடி நறுக்குங்கள்.

3. இந்த முனை இன்லெட்டுக்குப் போகும். ஃபெரூலுக்கு மேல் குழாய் எவ்வளவு நீள வேண்டும் என்பது கருவிக்குக் கருவி மாறும். பல ஸ்பிளிட் இன்லெட்களில் (மாதிரியில் ஒரு பகுதியை மட்டும் குழாய்க்குள் விடும் வகை) 4 முதல் 6 மி.மீ. கையேட்டைப் பார்த்து அளவைக் குழாயில் குறியுங்கள். நட்டை விரலால் இறுக்கியபின் ஸ்பேனரால் கால் சுற்று போதும். அதிகம் இறுக்கினால் ஃபெரூல் நசுங்கும்.

4. வாயுவை நிமிடத்துக்கு 1 மி.லி. அளவில் திறந்து, மறுமுனையை மெத்தனாலில் அமிழ்த்துங்கள். சீராகக் குமிழி வரவேண்டும். முனையை வெளியே எடுத்துக் குறைந்தது 15 நிமிடம் வாயு ஓடட்டும். உள்ளே காற்று இருக்கும்போது சூடேற்றினால் ஆக்சிஜன், குழாயின் உட்சுவரில் பூசிய நிலைப்படலத்தை அரித்துவிடும். அந்தச் சேதத்தைச் சரிசெய்யவே முடியாது.

5. டிடெக்டர் துளையை அடைத்துவிட்டு, நிமிடத்துக்கு 10°செ வீதம் சூடேற்றுங்கள். உங்கள் பகுப்பாய்வு முறையின் உச்ச வெப்பநிலையைவிட 20°செ கூடுதலாக வைத்து 1 முதல் 2 மணி நேரம் விடுங்கள். குழாயின் அட்டையில் உள்ள வரம்பை மட்டும் தாண்டக் கூடாது. ஹைட்ரஜன் கேரியர் என்றால் முனையை ஓவனுக்குள் திறந்து விடவே கூடாது, வெடிக்கும் அபாயம் உண்டு.

6. ஆறியதும் மறுமுனையையும் அதேபோல் நறுக்குங்கள். எஃப்.ஐ.டி. ஜெட்டில் (சுடர் எரியும் நுண்குழல்) முட்டும்வரை தள்ளி, 1 மி.மீ பின்னிழுத்து இறுக்குங்கள். கசிவைப் பார்க்க எலக்ட்ரானிக் கருவியே சரி. சோப்புக் கரைசல் உள்ளே இழுக்கப்பட்டு அழுக்காக்கும்.

7. கடைசியாகக் கொஞ்சம் மீத்தேன் செலுத்துங்கள். அது படலத்தில் தங்காது. வாயு விநாடிக்கு 35 செ.மீ வேகத்தில் ஓடினால் சுமார் 86 விநாடியில் ஊசிபோல் பீக் வரும். மீத்தேனே வால் விட்டால் வெட்டுமுனையையோ செருகிய ஆழத்தையோ சரிசெய்யுங்கள். மீத்தேன் நன்றாக வந்து ஆல்கஹால் மட்டும் வால் விட்டால், லைனரில் வினைபுரியும் இடங்கள் இருக்கின்றன. செயலிழக்கச் செய்த லைனரைப் போடுங்கள்.