முதல் மைக் டைனமிக்காக இருக்கட்டும்

வீட்டு அறையில் முதன்முறையாகக் குரல் பதிவைத் தொடங்குபவர்கள், நுண்ணிய ஒலியையும் பிடிக்கும், விலை கூடிய கண்டென்சர் மைக்கைத் தேடுவதற்கு முன், ஷூர் எஸ்எம்58 போன்ற, உணர்திறன் குறைந்த ஒரு டைனமிக் மைக்கை வாங்கி, வாயிலிருந்து நான்கு விரல் தொலைவில் வைத்துப் பாடிப் பார்ப்பது நல்லது.

டைல்ஸ் தரையும் வெறும் சுவர்களும் கொண்ட அறையில் பெரும்பாலும் பதிவைக் கெடுப்பது மைக்கின் தரம் அன்று, சுவரில் மோதித் திரும்பும் எதிரொலிதான். மைக்குக்கும் வாய்க்கும் உள்ள இடைவெளியைப் பாதியாக்கினால் நேரடிக் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் கூடுகிறது; எதிரொலியோ முன்பிருந்த அளவிலேயே நிற்கிறது. இவ்வளவு நெருக்கத்தில் பாடுவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட இந்த மைக், தன் பின்பக்கத்து ஒலியை மிகக் குறைவாகவே வாங்குவதால், பாடுபவர் ஜன்னலைப் பார்த்து நின்றால் தெருச் சத்தமும் ஓரளவு அடங்கும். தடித்த போர்வை ஒன்றைத் தொங்கவிடுவதானால், பலரும் செய்வதுபோல் மைக்குக்குப் பின்னால் அல்லாமல், பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் தொங்கவிட வேண்டும். மைக்கின் முகம் பார்ப்பது அந்தப் பக்கத்துச் சுவரைத்தான்.

வீணை, மென்மையாக மீட்டும் கிட்டார் போன்றவற்றைச் சற்றுத் தள்ளி வைத்துப் பதிவதற்கு இந்த யோசனை பொருந்தாது. அங்கே கண்டென்சரே தேவை. டைனமிக் மைக்கின் வெளியீடு குறைவு என்பதால், மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் 60 டெசிபல் அளவுக்குக் கெயின் (ஒலிப் பெருக்கம்) தராவிட்டால், மெல்லிய குரலோடு இரைச்சலும் சேர்ந்து பதிவாகக்கூடும்.