கிரேட் ஓர்ம் முனையில் கோடைப் பூக்களைப் பார்ப்பது எப்படி

வடக்கு வேல்ஸில், லாண்டிட்னோ நகரை ஒட்டிக் கடலுக்குள் நீண்டு கிடக்கும் கிரேட் ஓர்ம், 207 மீட்டர் உயரமுள்ள சுண்ணாம்புப் பாறை முனையாகும். பிரமிட் ஆர்க்கிட், தேனீ ஆர்க்கிட் இரண்டையும் ஒரே நடையில் காண விரும்புவோர் ஜூன் பிற்பகுதியில் செல்வது நல்லது. வெயில் அடிக்கும் முற்பகலைத் தேர்ந்தெடுங்கள். மேகம் மூடினால் பாறைரோஜாவின் மஞ்சள் பூக்கள் சரியாக விரிவதில்லை.

1902இல் ஓடத் தொடங்கிய டிராமில் உச்சிக்குப் போய், அங்கிருந்து பாதை வழியே நடந்து இறங்கலாம். மூச்சு வாங்க மலையேறுபவர் கண்ணில் பூ எங்கே படப்போகிறது? மண் மெல்லியது, கடற்காற்றோ ஓயாதது. அதனால் பல செடிகள் கணுக்கால் உயரத்தோடு நின்றுவிடுகின்றன. பத்து மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடி ஒன்றைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள்.

கூம்பாக நெருங்கிய இளஞ்சிவப்புக் கொத்து தெரிந்தால் அது பிரமிட் ஆர்க்கிட்டாக இருக்கலாம். உறுதி செய்ய ஒரு பூவின் உதட்டிதழை, அதாவது உதடுபோல் அமைந்த இதழைப் பாருங்கள். அதன் அடிப்பகுதியில் இரண்டு சிறு வரப்புகள் எழுந்து நிற்கும். வந்தமரும் அந்துப்பூச்சியின் உறிஞ்சுகுழலை அவை நடுவிலுள்ள துளைக்கு நேராகச் செலுத்த, மகரந்தத் திரள்கள் அந்தக் குழலைக் கவ்விக்கொண்டு அடுத்த பூவுக்குப் பயணமாகின்றன.

தேனீ ஆர்க்கிட்டின் கதை வேறு. மூன்று இளஞ்சிவப்புப் புறவிதழ்களுக்கு நடுவே, பழுப்பு வெல்வெட் போர்த்திய பெண் தேனீ அமர்ந்திருப்பதுபோல் உதட்டிதழ் தோன்றும். ஆண் தேனீயை மயக்குவதற்கான வேடம் அது. ஆனால் பிரிட்டனில் இந்தச் செடி பெரும்பாலும் தன் மகரந்தத்தையே ஏற்றுக்கொள்கிறது. கைக்கண்ணாடியில், மெல்லிய காம்பில் முன்னோக்கித் தொங்கும் இரு மஞ்சள் திரள்கள் தெரியும். காற்றில் ஆடி அவை மகரந்தத்தை ஏற்கும் சூலகமுடியில் ஒட்டிக்கொள்கின்றன.

1783இல் இங்கே கண்டறியப்பட்ட காட்டுக் கோட்டோனியாஸ்டர் புதர் உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. எஞ்சியவை மிகச் சிலவே. அதைத் தேடிப் பாதையை விட்டு விலக வேண்டாம்.

நில உரிமையாளரின் அனுமதியின்றி எந்தக் காட்டுச்செடியையும் வேரோடு பிடுங்குவது 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆர்க்கிட்டைப் பிடுங்கி வந்தாலும் பயனில்லை. மண்ணிலுள்ள பூஞ்சையின் துணையோடு வாழும் அது வீட்டுத் தொட்டியில் நிலைப்பது அரிது. படமெடுக்க மண்டியிடுமுன், முழங்கால் படும் இடத்தில் பூக்காத இளஞ்செடிகள் உள்ளனவா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.