நரியை நிற்கவைக்கும் வாசனை: அமிலத்தையும் அமீனையும் ஒரே புட்டியில் ஊற்றாதீர்கள்

காட்டு விலங்கு கடந்தால் தானாகப் படமெடுக்கும் கேமராவைக் கட்டிவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் வால் நுனி மட்டும் படத்தில் விழுந்தால் எப்படியிருக்கும் என்பது கட்டியவர்களுக்குத் தெரியும். ஓடுகிற விலங்கைச் சில நொடி நிறுத்தத்தான் கவர்ச்சி மணம். கூண்டு வைத்துப் பிடித்துக் கழுத்துப்பட்டை மாட்டி விடும் ஆய்வாளர்கள் நம்புவதும் இதே வேதியியலைத்தான். பிடிப்பதற்கு முறையான அனுமதி வேண்டும். நான் சொல்வது கேமராவுக்கு மட்டும். கேமராவைக் கட்டும் விதம் இங்கே இல்லை, நேராக மணத்துக்கு வருகிறேன்.

படி 1: யாருக்கு எந்த வாசனை

நாய்க் குடும்பத்துக்கு அழுகல் வாசனை பிடிக்கும். அதில் இரண்டு கூட்டம் உண்டு. ஒன்று, பியூட்ரிக் அமிலம் போன்ற குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள். மற்றொன்று, அழுகிய மீனில் வரும் ட்ரைமெத்தில்அமீன் போன்ற அமீன்கள். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பூனைக் குடும்பம் வேறு. பூனைப்புதினாவிலுள்ள நெபெடலாக்டோன் வீட்டுப் பூனைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத்தான் மயக்குகிறது, மற்றவை திரும்பியும் பார்ப்பதில்லை. 2003-இல் நியூயார்க் பிராங்க்ஸ் விலங்கியல் பூங்காவில் பல வாசனைத் திரவியங்களைச் சோதித்தபோது, சிவிங்கிப்புலிகள் அதிக நேரம் முகர்ந்து நின்றவற்றில் கால்வின் க்ளைனின் 'அப்செஷன் ஃபார் மென்' முன்னால் இருந்தது. அதிலுள்ள, புனுகுப்பூனையின் மணமான சிவெட்டோன்தான் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். 17 கார்பன் கொண்ட பெரிய வளையம் அது. மூலக்கூறு கனமாக இருப்பதால் மெல்ல ஆவியாகி நாள்கணக்கில் நிற்கும்.

எலிகளைப் படமெடுக்கப் போகிறவர்கள் நரி எச்சம் பட்ட கையுறையைத் தொடவே வேண்டாம். அந்த எச்சத்திலுள்ள ட்ரைமெத்தில்தயாசோலின் எலியை அச்சத்தில் உறையவைக்கும்.

படி 2: ஊறவைத்தல்

மீன் குடல், செவுள்களை நறுக்கி, மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி நிழலில் வையுங்கள். மூடியை இறுக்க வேண்டாம், வாயு சேர்ந்து புட்டி வெடிக்கும். இரண்டு வாரம் கழித்து வடிகட்டுங்கள். நைட்ரைல் கையுறைதான் என் தேர்வு. துணிக் கையுறை நாற்றத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது.

படி 3: நான் தடுக்கி விழுந்த இடம்

வடித்த நீர் முகத்தில் அறைகிற மாதிரி இருந்தது. இன்னும் வலுவாக்கலாம் என்று அதிலேயே பியூட்ரிக் அமிலத்தையும் ஊற்றிக் கலக்கினேன். மறுநாள் முகர்ந்தால் பாதி வாசனைகூட இல்லை. அமிலம் குறைந்துவிட்டதோ என்று இன்னும் ஊற்றினேன். மீன் வாசனை அடியோடு போயிற்று. ஒரு மாத உழைப்பு அப்படியே வீணானது.

காரணம் எளிது. அமீன் ஒரு காரம். அமிலத்தோடு சேர்ந்தால் உப்பாகிவிடும், உப்பு ஆவியாகாது, ஆவியாகாதது மூக்குக்கு எட்டாது. மீன் நாற்றம் ஏறிய கையை எலுமிச்சை போட்டுக் கழுவுகிறோமே, அதே வேலையைத்தான் என் புட்டிக்குள் நானே செய்திருந்தேன். இரண்டு பக்கமும் சேதம் என்பதுதான் இதில் கொடுமை: அமிலமா காரமா என்று காட்டும் பிஹெச் அளவில் நடுநிலையான 7-இல் அமீனும் பெரும்பாலும் மின்னூட்டம் ஏறிக் கரைசலில் தங்கிவிடும், பியூட்ரிக் அமிலமும் அப்படியே.

ஆகவே இரண்டு புட்டிகள். மீன் நீரைக் கேமரா முன்னால் வைக்கும் நாளன்று சலவைச் சோடா தூவிப் பிஹெச் 10 பக்கம் கொண்டுவாருங்கள். 9.8-ஐத் தாண்டினால் ட்ரைமெத்தில்அமீனில் பாதிக்கு மேல் விடுபட்டு எழும்பும். முன்கூட்டியே தூவினால் புட்டியிலேயே பறந்துவிடும், ஏனென்றால் அதன் கொதிநிலை வெறும் 3 டிகிரி செல்சியஸ். பிஹெச் தாளை மட்டும் நம்புங்கள். மூக்கு ஐந்து நிமிடத்தில் மரத்துவிடும்.

படி 4: பிடித்துவைக்கும் ஊடகம்

மீன் நீரில் மூன்றுக்கு ஒரு பங்கு கிளிசரின் கலக்கிறேன். அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதால் பஞ்சு காய்வதில்லை. அமிலத்துக்குப் பெட்ரோலியம் ஜெல்லி. மழை கழுவாது, மணமும் மெல்லக் கசியும். பியூட்ரிக் அமிலம் நீர்க்காத நிலையில் தோலை அரிக்கும், கவனம்.

உறையாமல் இருக்கட்டும் என்று வண்டி ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்டை ஒருபோதும் சேர்க்காதீர்கள். அதில் பெரும்பாலும் இருக்கும் எத்திலீன் கிளைகால் இனிக்கும், நக்கிய விலங்கின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும். தேவையென்றால் புரோப்பிலீன் கிளைகால் போதும், ஆனால் பூனை வகைகள் வரும் இடத்தில் அதுவும் வேண்டாம், அவற்றின் இரத்தத்துக்கு அது ஆகாது.

படி 5: வைப்பது

துளையிட்ட சிறு குழாயில் பஞ்சைத் திணித்து, சில சொட்டு விட்டு, கேமராவுக்கு இரண்டு மூன்று மீட்டர் முன்னால் கட்டுங்கள். விலங்கு முகரலாம், தின்னக்கூடாது; அழுகிய கலவையில் நச்சுக் கிருமிகள் இருக்கும். அளவு கூடினால் மணமே மாறிவிடும். இண்டோல் துளியளவில் மல்லிகைப் பூவின் மணத்தில் இருக்கிறது, மிகுந்தால் மலநாற்றம். அமிலக் குழாயை அமீன் குழாயிலிருந்து ஓரடியாவது தள்ளிக் கட்டுங்கள்.

பின்சேர்க்கை: பியூட்ரிக் அமிலத்தை ஆல்கஹாலில் கரைத்து மாதக்கணக்கில் வைத்திருந்த ஒருவர், அன்னாசி வாசனை வருகிறது, நரி வரவில்லை என்று எழுதியிருந்தார். அமிலமும் ஆல்கஹாலும் மெல்லச் சேர்ந்து எத்தில் பியூட்ரேட் என்ற எஸ்டராகியிருக்கும், பழவாசனை அதனுடையது. அந்தப் புட்டியைக் கொட்டிவிட்டு ஜெல்லியில் புதிதாகக் கலக்கச் சொன்னேன்.

இன்னொருவர் சோடா போட்டதும் கலவை நுரைத்துப் பொங்கியதாகச் சொன்னார். அவருடைய மீன் நீர் புளித்திருக்கிறது. சிட்டிகை சிட்டிகையாகப் போட்டு, நுரை அடங்கியபின் தாளை நனைத்துப் பாருங்கள்.